ஆயிரம் ரூபாத் துண்டு கோட்ஸ் வரைக்கும் போற கதை

போன சீசனுக்கு லண்டன்ல இருந்து வந்த மச்சானை ஏத்திக்கொண்டு திருகோணமலை மெயின் ஸ்ட்ரீட் போயிருந்தன். ஹயர் பண்ணின வேன், ஓடினது நான். "அஞ்சே நிமிஷம்டா, ஃபாமசியில மருந்து எடுத்திட்டு வாறன், இதிலயே நிப்பாட்டு" எண்டான், நானும் நிப்பாட்டினன், பிறகு பக்கத்துக் கடையில ஒரு பிளேன்டீ குடிப்பம் எண்டு இறங்கினது தான் பிழை. திரும்பி வாறன், ட்ராஃபிக் பொலிஸ் ஒருத்தர் வேனுக்கு முன்னால நிக்கிறார், மரியாதையாத்தான் கதைச்சார், லைசனைக் கேட்டார், குடுத்தன், துண்டு எழுதினார், லைசனைத் தன்ட பொக்கெட்டில வச்சார், துண்டை என்ட கையில தந்தார். பார்க்கிங் தண்டம், ஆயிரம் ரூபா.

மச்சான் சிரிக்கிறான். "பார்க்கிங் டிக்கெட்டுக்கெல்லாம் ஆராவது பயப்படுவாங்களா, சும்மா மேசை லாச்சிக்குள்ள போட்டு வை, ஒண்டும் நடக்காது" எண்டு. அவனில பிழையில்ல, அவன் இருக்கிற நாட்டுக்கணக்கை வச்சுச் சொல்றான். ஆனா அந்தக் கணக்கு இங்க செல்லாது, ஏன் செல்லாது எண்டு அவனுக்கு விளங்கப்படுத்தப் போய்த்தான் எனக்கே இந்த விஷயம் முழுசா விளங்கினது.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்க்கணும். நம்மட ஆக்கள் வாகனத்தில செருகிக் கிடக்கிற எல்லாக் கடதாசிக்கும் பார்க்கிங் டிக்கெட் எண்டு ஒரே பேர் தான் சொல்றது. கொழும்பு, கண்டிப் பக்கம் றோட்டோரம் நிப்பாட்டினா ஒரு பெடியன் வந்து துண்டு தருவான், மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு. அது தண்டமே இல்ல, இடத்துக்கு வாடகை, மாநகரசபை டெண்டர் குடுத்து ஆள் வச்சு வாங்கிற காசு. பொலிஸ் எழுதுறது வேற சாமான். அது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ வாற குற்றத்துக்கு, "கோட்ஸுக்குப் போகாமலே காசு கட்டி முடிச்சுக்கொள்" எண்டு சட்டம் தாற ஒரு சலுகை. சலுகை எண்ட சொல்லைக் கேட்டுக் கோபப்படாதீங்க. இப்பிடி அந்த இடத்திலயே எழுதுற ஸ்பொட் ஃபைன் எண்டு ஒண்டு இல்லாட்டி ஒவ்வொரு ஹெல்மெட்டுக்கும் ஒவ்வொரு நோ பார்க்கிங்குக்கும் ஆள் கூண்டில ஏறி நிக்கணும், நீதவான் வேற வழக்கு ஒண்டையும் பார்க்க ஏலாது.

இந்த ஆயிரம் ரூபா எங்கால வந்தது எண்டா, 2018 ஜூலை 15 இல இருந்து நடைமுறைக்கு வந்த 33 குற்றப் பட்டியலால. அதில வாகனத்தை நிறுத்தினது, தரிச்சது எண்டதுக்கு 1,000. இதில ஒரு பகிடி இருக்கு, நிறுத்தேக்க எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுக்காட்டி அதுக்கு 2,000, அதாவது நிப்பாட்டக்கூடாத இடத்தில ஒழுங்கா நிப்பாட்டினா ஆயிரம், நிப்பாட்டக்கூடிய இடத்தில கவனமில்லாம விட்டிட்டுப் போனா ரெண்டாயிரம். யோசிச்சா நியாயம் தான், மேடான றோட்டில ஹேண்ட்பிரேக் போடாம விட்ட லொறி உருண்டு வாறதோட ஒப்பிட்டா, ஃபாமசி வாசல்ல நிண்ட என்ட வேன் ஆருக்கு என்ன செய்தது. துண்டை எடுத்து வடிவா வாசிக்கச் சொல்றதும் இதுக்குத்தான், எந்தக் குற்றத்தில எழுதியிருக்கு எண்டதில காசு மாறும்.

2016 கடைசியில இன்னொரு கூத்து நடந்தது, கனபேர் மறந்திருப்பீங்க. குறைஞ்ச தண்டத்தை 2,500 ஆக்கப் போறம் எண்டு பட்ஜெட்டில சொன்ன உடனே தனியார் பஸ்காரர் எல்லாரும் வேலைநிறுத்தத்தில இறங்கினவங்க. அந்த இழுபறிக்குப் பிறகு வந்தது தான் 2018 பட்டியல். அதால சின்னக் குற்றங்கள் ஐந்நூறு, ஆயிரம், ரெண்டாயிரம் எண்ட அளவில நிண்டுட்டுது, குடிச்சிட்டு ஓடுறது, இன்சூரன்ஸ் இல்லாம ஓடுறது மாதிரிப் பெரிய விஷயங்கள் ஸ்பொட் ஃபைனுக்கு வெளிய நேரா கோட்ஸ் பக்கம் போகுது. ஆக பார்க்கிங் எண்டது இந்த வரிசையில கீழ இருக்கிற சின்னப் பிள்ளை.

அப்ப சின்னப் பிள்ளை எப்பிடிக் கோட்ஸ் வரைக்கும் வளருது? நாளால. துண்டு எழுதின திகதியில இருந்து 14 நாளுக்குள்ள போஸ்ட் ஒபிஸ்ல கட்டினா எழுதின காசு. 14 தாண்டி 28 நாளுக்குள்ள எண்டா ரெண்டு மடங்கு, அதாவது என்ட ஆயிரம் ரெண்டாயிரம். 28 உம் தாண்டினா போஸ்ட் ஒபிஸ் வாங்காது, பொலிஸ் அந்தப் பிரிவுக்குரிய நீதவான் நீதிமன்றத்தில வழக்குப் போடும்.

இப்ப மச்சான்ட நாட்டுக்கு வருவம். அங்க கவுன்சில் குடுக்கிற பார்க்கிங் டிக்கெட்டுக்கும் இதே 14, இதே 28 தான் எண்டு அவன் சொல்லேக்க எனக்கு ஆச்சரியம். ஆனா திசை மாறி ஓடுது. அங்க 14 நாளுக்குள்ள கட்டினா பாதி கழிவு, 28 நாள் முழுக் காசுக்கு. கழிவுக்கு ஆசைப்பட்டு ஆக்கள் கெதியாக் கட்டுறாங்க. இங்க 14 தாண்டினா இரட்டிப்பு, பயத்தில கட்டுறம். அதைவிடப் பெரிய வித்தியாசம், அங்க கவுன்சில் பார்க்கிங் டிக்கெட் கிட்டத்தட்டக் கடன் மாதிரி, 1991 ஆம் ஆண்டு றோட் ட்ராஃபிக் சட்டத்தோட லண்டன்ல பார்க்கிங்கைக் குற்றவியல்ல இருந்து கழட்டி எடுத்திட்டாங்க, கட்டாட்டி காசு ஏறும், அறவிட ஆள் வரும், ஆனா குற்றவாளிக் கூண்டு இல்ல. அதோட டிக்கெட்டைக் கண்ணாடியில ஒட்டிப்போட்டுப் போயிடுவாங்க, லைசன் உன்ட பேர்ஸுக்குள்ளயே கிடக்கும். அதால லாச்சிக்குள்ள போட்டு வைக்க மனசு வருது.

இங்க லைசன் அவங்கட்ட. நம்மட கையில இருக்கிற துண்டு பில் இல்ல, அது தான் 14 நாளைக்கு நம்மட லைசன். தற்காலிக அனுமதிப்பத்திரம். இதைத்தான் நான் மச்சானுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னன், நம்மட ஆக்கள் கனபேருக்கும் இது ஓடுறதில்ல. பதினஞ்சாம் நாள் விடியக்காலம நீங்க அதே ஆள் தான், அதே வாகனம் தான், ஆனா அடுத்த செக்கிங்ல காட்ட கையில செல்லுபடியான ஒண்டும் இல்ல. ஒரு பார்க்கிங் பிழை அங்க இருந்து வேற பிழையாக் குட்டி போடுது, பழைய துண்டுக்கு மேல புதுத் துண்டு. எக்சிடெண்ட் ஏதும் பட்டா இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்கிறதும் லைசன் தான், அந்த நேரம் காலாவதியான துண்டை நீட்டிக்கொண்டு நிக்கிற நிலமையை நினைச்சுப் பாருங்க.

ஆள் இல்லாத வாகனத்துக்கு என்ன நடக்கும் எண்டு கேட்பீங்க. லைசன் வாங்க ஆள் இல்லையே. பொலிஸுக்கு வரச்சொல்லி வாகனத்தில அறிவித்தல் வச்சிட்டுப் போவாங்க, இல்லாட்டி நம்பரை எழுதிக்கொண்டு போய் உரிமையாளரைப் பிடிப்பாங்க. வாகனம் மாமாட பேர்ல, ஓடினது மருமகன், மருமகன் இப்ப கட்டார்ல எண்டு வாற கதையெல்லாம் இங்க தான் பிறக்குது. ஹயர் வேன், இரவல் பைக் எண்டா அண்டைக்கே உரிமையாளருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லி வைக்கிறது நல்லம், ஏனெண்டா கடதாசி போறது அவர்ட விலாசத்துக்கு.

திருகோணமலைக்காரனுக்கு இன்னொரு தனிக் கஷ்டம் இருக்கு, அது தூரம். நாங்க கொழும்புக்கு ஏ6 றோட்டால கந்தளாய், ஹபரணை, தம்புள்ள, குருணாகல் எண்டு எத்தினை பொலிஸ் பிரிவைக் கடந்து போறம். வழியில ஒரு டவுன்ல தேத்தண்ணிக்கு நிப்பாட்டின இடத்தில துண்டு எழுதினா, காசை ஊருக்கு வந்து எந்தப் போஸ்ட் ஒபிஸ்லயும் கட்டலாம், அது சுகம். ஆனா லைசன் கிடக்கிறது அந்த டவுன் பொலிஸ்ல. ரிசீட்டைக் கொண்டு அங்க போய்த்தான் எடுக்கணும். ஆயிரம் ரூபாத் தண்டத்துக்கு நாலாயிரம் ரூபாப் பெட்ரோலும் ஒரு நாள் லீவும். கனபேர் துண்டை இழுத்தடிக்கிறது காசில்லாம இல்ல, இந்த ஓட்டத்துக்குப் பஞ்சிப்பட்டுத்தான். "அடுத்த மாசம் கொழும்புக்குப் போற வேலை இருக்கு, போற வழியில எடுப்பம்" எண்டு விடுவாங்க, அடுத்த மாசம் எண்டேக்க 28 நாள் போயிடும், லைசன் பொலிஸ்ல இருந்து கோட்ஸுக்குப் போயிடும். முதல்ல காசைக் கட்டிட்டு லைசனைப் பிறகு எடுக்கிறது வேற, ரெண்டையும் ஒண்டா ஒத்திப்போடுறது வேற. கட்டின ரிசீட் கையில இருந்தா வழக்கு இல்ல.

இதுக்கு மருந்தாத்தான் 2025 பெப்ரவரியில அரசாங்கம் தொடங்கின கவ்பேயை, அதாவது அரசாங்கத்துக்குக் கட்டுற காசை ஒன்லைன்ல கட்டுற முறையைச் சொல்றாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல தண்டத்தையும் அதில கட்டுற முறை முதல்ல பரீட்சார்த்தமா குருணாகல், அனுராதபுரம் றோட்டுப் பக்கம் தொடங்கினது, அந்த இடத்திலயே போன்ல கட்டிட்டு லைசனைக் கையோட வாங்கிக்கொண்டு போகலாம் எண்டது தான் அதின்ட நோக்கம், பிறகு படிப்படியா மற்ற இடங்களுக்கும் விரிச்சாங்க. துண்டு எழுதேக்க "சேர், ஒன்லைன்ல கட்டலாமா" எண்டு கேக்கிறதுக்குக் காசா பணமா, கேளுங்க. ஏலும் எண்டா அவ்வளவு ஓட்டமும் மிச்சம்.

அண்டைக்கு நான் இவ்வளவும் யோசிச்சுக்கொண்டு வேனை எடுக்கப் போனா முன்னால ரெண்டு மான் படுத்துக் கிடக்கு. ஊருக்குள்ள வந்து பழகினவங்களுக்குத் தெரியும், நம்மட டவுன் மான் எங்க வேணுமெண்டாலும் படுக்கும், ஹோர்ன் அடிச்சாலும் எழும்பாது. நடு றோட்டை மறிச்சுக்கொண்டு கிடக்கிற அதுக்கு ஆரும் துண்டு எழுதுறதில்ல எண்டு மச்சான் ஒரே கத்தல். சும்மா சொல்லக்கூடாது, இந்த ஊருக்கு இடமும் காணாது தான். வெள்ளைக்காரன் காலத்து வண்டில் றோட்டில தான் இண்டைக்கு லொறியும் ஆட்டோவும் கோணேசர் கோயிலுக்கு வாற டூர் பஸ்ஸும் போகுது, பள்ளிக்கூடம் விடுற நேரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், காளி கோயில் திருவிழா நேரம் எங்க நிப்பாட்டுறது எண்டு பொலிஸுக்கே தெரியாது. அதுக்காகச் சட்டம் வளையாது, ஆனா கோட்ஸில சொல்ல ஒரு நியாயம் இருக்கலாம், அதுக்கு வாறன்.

நான் பதின்மூண்டாம் நாள் கட்டிட்டன், பிரச்சினை முடிஞ்சுது. எங்கட ஒழுங்கையில ஆட்டோ ஓடுற அண்ணை ஒருத்தர் கட்டேல்ல. அவருக்கும் பார்க்கிங் தான். துண்டைச் சீட்டுக்குக் கீழ வச்சார், மழைக்கு நனைஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு, திகதியும் மறந்து போச்சு, கோட்ஸுக்கு வரச்சொல்லி அழைப்பாணை வந்த பிறகு தான் என்னட்ட ஓடி வந்தார். முகமெல்லாம் வெளிறிப் போய், "தம்பி, உள்ள போட்டிடுவாங்களோ" எண்டு. பார்க்கிங்குக்கு ஆரும் உள்ள போடுறதில்ல அண்ணை, தவணைக்குப் போகாட்டித்தான் சிக்கல் எண்டு சொல்லி நானும் கூடப் போனன்.

கோட்ஸ் எண்டாப் படத்தில பார்க்கிற மாதிரி எண்டு நினைச்சுக்கொண்டு தான் பாதிப்பேர் பயப்படுறது. காலம நேரத்தோட போகணும், போனை நிப்பாட்டணும், சேட்டு ட்ரவுசரோட மரியாதையாப் போகணும், உள்ள கால் மேல கால் போட்டுக்கொண்டு இருந்தா அங்க நிக்கிற பொலிஸ் தட்டிச் சொல்லுவாங்க. ட்ராஃபிக் வழக்கெல்லாம் கும்பலாக் கிடக்கும், பேர் கூப்பிட்டா எழும்பி கூண்டில ஏறணும். குற்றத்தை வாசிச்சுக் காட்டி, குற்றவாளியா சுற்றவாளியா எண்டு கேப்பாங்க. சுற்றவாளி எண்டா குற்றம் செய்யேல்ல எண்டு அர்த்தம். இந்தச் சொல்லைத் தெரியாம, ரெண்டும் ஒரே மாதிரிக் கேட்டு, முழிச்சு, தலையை ஆட்டின ஆக்களும் இருக்கு. வடக்குக் கிழக்கில கோட்ஸ் பாஷை தமிழ் தான், அரசியலமைப்பிலயே இருக்கு, விளங்காட்டி "விளங்கேல்ல ஐயா" எண்டு சொல்ல வெக்கப்படத் தேவையில்ல. வேற மாகாணத்து டவுன்ல வழக்கு எண்டா அங்க சிங்களத்தில நடக்கும், மொழிபெயர்த்துத் தரச்சொல்லிக் கேக்கிறதுக்கு உரிமை இருக்கு.

குற்றவாளி எண்டு ஏற்றுக்கொண்டா அண்டைக்கே நீதவான் தண்டத்தைத் தீர்ப்பார், கோட்ஸிலயே காசைக் கட்டி, ரிசீட்டைக் காட்டி லைசனை எடுக்கலாம். இதில ஒண்டு விளங்கணும், அங்க தீர்க்கிற காசு ஸ்பொட் ஃபைன் பட்டியல் காசு இல்ல, போஸ்ட் ஒபிஸ் விலை 28 ஆம் நாளோட முடிஞ்சுது, இங்க சட்டம் விடுற எல்லைக்குள்ள நீதவான் தான் தீர்மானிக்கிறது. கையில அவ்வளவு காசு இல்லாட்டி கட்ட அவகாசம் கேட்கலாம், பொய்க் கதை சொல்லாம, நாட்கூலி, ஆட்டோ ஓடுறன் எண்டு உள்ளதைச் சொன்னாப் போதும்.

சுற்றவாளி எண்டு சொன்னா வழக்கை விளக்கத்துக்குப் போடுவாங்க, வேற தவணை. அண்டைக்குத் துண்டு எழுதின பொலிஸ் வந்து சாட்சி சொல்லணும், நீங்களோ உங்கட லோயரோ குறுக்குக் கேள்வி கேட்கலாம். உண்மையா அந்த இடத்தில தடை போர்ட் இல்லாட்டி, இருந்த போர்டை மரக்கொப்பு மறைச்சுக்கொண்டிருந்தா, ஆளை இறக்க ஒரு நிமிஷம் தரிச்சதை நிறுத்தினது எண்டு எழுதியிருந்தா, இது தான் அதைச் சொல்ற இடம். ஆனா அதுக்கு எழுதின அண்டைக்கே போன்ல நாலு ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கணும், ரெண்டு மாசம் கழிச்சுப் போய் எடுக்கிற ஃபோட்டோவில புதுப் போர்ட் பளபளத்துக்கொண்டு நிக்கும். இதில எனக்கொரு மனக்குறை இருக்கு. நியாயம் பக்கத்தில இருந்தும் கனபேர் குற்றவாளி எண்டே சொல்லிட்டு வாறாங்க, ஏனெண்டா சுற்றவாளி எண்டா இன்னும் ரெண்டு மூண்டு தவணைக்கு அலையணும், ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் சம்பளம். அது சட்டத்தின்ட பிழை எண்டு சொல்ல ஏலாது, கணக்குப் பார்த்தா அவங்கட பிழையும் இல்ல.

தவணைக்குப் போகாம விடுறது தான் உண்மையில ஆபத்து. அழைப்பாணை கிடைச்சும் ஆள் வராட்டி பிடியாணை பிறக்கலாம். அதோட விஷயம் பார்க்கிங்கை விட்டுப் போயிடும், வேற ஏதோ செக்கிங்ல அடையாள அட்டையைப் பார்த்திட்டு "உங்களுக்கு வாறண்ட் இருக்கே" எண்டு கேக்கிற நாள் வரும், அது கல்யாண வீட்டுக்குப் போற வழியாவும் இருக்கலாம், எயார்போட் போற வழியாவும் இருக்கலாம். பிடியாணை வந்திட்டுது எண்டு தெரிஞ்சா ஒளிக்காம, லோயர் ஒருத்தரைப் பிடிச்சு நகர்த்தல் பத்திரம், அதாவது வழக்கைக் கூப்பிடச்சொல்லிக் கேக்கிற மனு போட்டு, தானாக் கோட்ஸில ஆஜராகி அதை மீளப்பெறச் சொல்லிக் கேக்கிறது தான் வழி. தானா வந்து நிக்கிறவனையும் பிடிச்சுக்கொண்டு வாறவனையும் ஒரே கண்ணால பார்க்கிற நீதவான் குறைவு. லோயருக்குக் காசில்லாதவங்களுக்கு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால வந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பாங்க, போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

அண்ணைக்கு இடையில ஒருத்தன், "நான் உள்ளுக்க ஆளைப் பிடிச்சுத் துண்டைக் கிழிச்சுத் தாறன், மூவாயிரம் தா" எண்டிருக்கிறான். ஆயிரம் ரூபாத் தண்டத்துக்கு மூவாயிரம் லஞ்சம், இந்தக் கணக்கைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. லஞ்சம் வாங்கிறது மட்டுமில்ல குடுக்கிறதும் குற்றம், 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் ரெண்டு பேரையும் தான் பிடிக்குது, ஆரும் லஞ்சம் கேட்டா லஞ்ச ஊழல் ஆணைக்குழுட 1954 எண்ட நம்பருக்குக் கோல் எடுத்துச் சொல்லலாம். அதோட கிழிச்சது ஆற்ற துண்டை எண்டு ஆருக்குத் தெரியும், பொலிஸ்ட்ட இருக்கிற பிரதியை இவனால கிழிக்க ஏலுமா.

அண்ணை கூண்டில ஏறி ஒரே சொல்லில குற்றவாளி எண்டார். ஒரு நிமிஷம் கூட எடுக்கேல்ல. காசு கட்ட லைன்ல நிண்டது தான் ஒண்டரை மணித்தியாலம், எங்களுக்கு முன்னால நிண்ட பெடியனுக்கு ஹெல்மெட், அவனுக்கு முன்னால நிண்ட ஐயாவுக்கும் பார்க்கிங் தான், அவர் மூண்டாம் தரமாம், "லைன் எங்க கெதியா நகரும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி" எண்டு பெருமையாச் சொல்றார். தண்டத்தையும் ஓடாத ரெண்டு நாள் ஹயரையும் கூட்டிப் பார்த்தா முதல் எழுதின ஆயிரத்தைப் பல மடங்கு தாண்டிட்டுது.

லைசனைக் கையில வாங்கின உடனே அண்ணை அதைச் சேட்டு பொக்கெட்டில வைக்கப் போனார், ஒருக்காத் தாங்க எண்டு வாங்கி முன்பக்கத்தைப் பார்த்தன். எட்டு வருஷத்துக்கு முதல் எடுத்த லைசன். காலாவதித் திகதி வாற மாசம் ஒன்பதாம் திகதி. மெடிக்கலுக்கு எங்க போகணும் எண்டு அவர் கேக்கிறார், நான் ஆட்டோவில ஏறி இருந்து சொல்லத் தொடங்கினன்.